ஓர் இரவு வாடகையும் ஓர் ஆண்டுச் சாப்பாட்டு வரியும்

கொடைக்கானலில் ஓட்டல் நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மாமனார் கட்டிய ஓட்டல். அவர் உடல்நலம் குன்றிய பிறகு கணக்கும் நிர்வாகமும் இவர் கைக்கு வந்திருக்கின்றன. 23 அறைகள், தோட்டத்தில் 3 காட்டேஜ்கள், கீழ்த்தளத்தில் 60 பேர் அமரக்கூடிய சைவ உணவகம். வாடகை பெரும்பாலும் 3,500 முதல் 5,500 ரூபாய் வரை. உணவகத்தில் மாதம் சுமார் 6 லட்சம் ரூபாய் விற்பனை. சாப்பாட்டுக்கு இதுவரை 5 சதவீத ஜிஎஸ்டி போட்டு வருகிறார்கள்.

பிப்ரவரியில் கணக்கைப் பார்க்க வந்த வரி ஆலோசகர், "இந்த நிதியாண்டில் 7,500 ரூபாய்க்கு மேல் ஏதாவது ஓர் அறை போயிருந்தால், 2026 ஏப்ரல் 1 முதல் சாப்பாட்டுக்கு 18 சதவீதம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மென்பொருளில் தேடியபோது மூன்று பதிவுகள் அகப்பட்டன. மே மாதத்தில் ஒரு காட்டேஜ் 8,200 ரூபாய்; தீபாவளி விடுமுறையில் ஒரு குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 9,000 ரூபாய்; டிசம்பர் 31 இரவு ஒரு காட்டேஜ் 7,900 ரூபாய். "சராசரி வாடகை 4,300 தானே, கவலை வேண்டாம்" என்கிறார் மேனேஜர். அப்படியே சிக்கல் வந்தாலும், டிசம்பர் பில்லுக்கு 500 ரூபாய் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து எழுதும் சீட்டு) போட்டால் 7,400 ஆகிவிடும் என்பது அவர் யோசனை.

மென்பொருள் நிறுவனமோ, "வரிப் பட்டியலில் 5 இருக்கும் இடத்தில் 18 என்று மாற்றுங்கள், இரண்டு நிமிட வேலை" என்கிறது. வாசகிக்கு அதில்தான் பயம். 2025 செப்டம்பர் 22 அன்று அறை வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனபோதும் இதே இரண்டு நிமிட வேலைதான் நடந்தது. அடுத்த மாதம், ஆகஸ்டில் ஆட்களைத் தங்கவைத்த கோவை நிறுவனம் ஒன்று பில்லின் நகல் கேட்டது. பழைய பில் எண், பழைய தேதி, ஆனால் 5 சதவீத வரி என்று ஒரு தாள் அச்சாகி வந்தது. மொத்தத் தொகையும் மாறிப்போயிருந்தது.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஓர் அறுபதாம் கல்யாணக் குடும்பம் வருகிறது. 80 பேர், மூன்று வேளை, 96,000 ரூபாயும் 5 சதவீத வரியும் என்று எழுதிக் கொடுத்து, 40,000 ரூபாய் முன்பணமும் வாங்கியாகிவிட்டது. "மார்ச்சிலேயே முழு பில்லையும் போட்டுவிடலாமா? அல்லது சாப்பாட்டை அறை வாடகையோடு சேர்த்து 5 சதவீதத்திலேயே நிற்கலாமா?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஏப்ரலுக்கு முன்பே எழுதினீர்களே, அதற்கு நன்றி. இதே கேள்வியோடு ஓட்டல்காரர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் ஆகஸ்டில், நோட்டீஸ் கையில் இருக்கும்போது. அதற்குள் ஆயிரக்கணக்கான பில்கள் தவறான வரியோடு வெளியே போயிருக்கும். சாப்பிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து மீதி வரி கேட்க முடியாது. முழுவதும் முதலாளி கைக்காசு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம்.

உண்மையில் எல்லையைத் தாண்டினீர்களா?

2025 மார்ச் 31 வரை, ஓட்டல் தன் பலகையில் அறிவித்த வாடகையைப் பார்த்துத்தான் அங்குள்ள உணவகத்தின் வரி முடிவானது. பலகையில் 8,000 என்று எழுதி 5,000-க்கு அறை கொடுத்தாலும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. இப்போது விருந்தினரிடம் உண்மையில் வாங்கிய தொகைதான் கணக்கு. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை, ஏதாவது ஒரு நாள், 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால் அந்த ஓட்டல் 'குறிப்பிட்ட வளாகம்' ஆகிவிடும். அடுத்த நிதியாண்டு முழுவதும் அங்கே பரிமாறும் சாப்பாட்டுக்கு 18 சதவீதம். சரியாக 7,500 என்றால் தாண்டவில்லை. சராசரிக்கு இங்கே இடமே இல்லை. 364 நாளும் 4,000 ரூபாய்க்குக் கொடுத்து ஒரே நாள் 7,501 வாங்கினாலும் தாண்டியதாகவே அர்த்தம். மேனேஜரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்; பல ஓட்டல்களில் இதே எண்ணம் இருக்கிறது.

இனி உங்கள் மூன்று பதிவுகள். நீங்கள் அனுப்பிய பில் நகல்களை வைத்துச் சொல்கிறேன்.

மே மாதத்து 8,200 என்பது வரியும் சேர்ந்த தொகை. அப்போது அறைக்கு 12 சதவீதம். வரியைக் கழித்தால் 7,321 ரூபாய் சொச்சம். வரி நீங்கிய மதிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பதால் இது தாண்டவில்லை. உங்கள் மென்பொருள் அறிக்கை வரி சேர்த்த தொகையை வைத்துத் தேடியிருக்கிறது. தீபாவளி 9,000 ஓர் அறைக்கானதே இல்லை. ஒரே பெயரில் பதிவான இரண்டு அறைகள். அறை ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு என்றுதான் கணக்கு என்பதால் ஒவ்வொன்றும் 4,500. இதுவும் தாண்டவில்லை.

டிசம்பர் 31 பில்தான் உங்களைப் பிடித்துவிட்டது. ஒரு காட்டேஜ், ஓர் இரவு, வரி நீங்கலாக 7,900. வேறு வழியில் படிக்க முடியுமா என்று நானும் பார்த்தேன், முடியவில்லை. ஏப்ரல் 1 முதல் உங்கள் உணவகத்துக்கு 18 சதவீதம்தான்.

அதே பில்லில் நீங்கள் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. 7,500-ஐத் தாண்டிய அறைக்கு வரி 18 சதவீதம். பில்லில் 5 சதவீதமே போட்டிருக்கிறது. செப்டம்பரில் எல்லா அறைக்கும் ஒரே அடியாக 5 என்று மாற்றியபோது, 7,500-க்கு மேல் போனால் 18 என்ற படிநிலையும் அழிந்துபோயிருக்கிறது. குறைவாகக் கட்டிய வரி 1,027 ரூபாய். அடுத்த ரிட்டர்னிலேயே இதையும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வட்டி 30 ரூபாய் அளவில்தான் வரும். செப்டம்பர் 22-க்குப் பிறகு போன காட்டேஜ் பில்கள் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அறை முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்த பதிவுகளையும் விட்டுவிடாதீர்கள். விருந்தினர் 8,000 ரூபாய் கொடுத்து, தளம் 15 சதவீதக் கமிஷனைப் பிடித்துக்கொண்டு 6,800 அனுப்பியிருந்தால், பல மென்பொருள்கள் 6,800-ஐத்தான் வாடகை என்று பதிந்து வைத்திருக்கும். கமிஷன் தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் செலவு. அறையின் மதிப்பு 8,000 தான்.

அந்தக் கிரெடிட் நோட் யோசனையைக் கைவிடுங்கள். விருந்தினர் 7,900 கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு 500 ரூபாய் திரும்பப் போகவில்லை. போகாத பணத்துக்கு எழுதும் சீட்டு பொய்ச் சீட்டு. 18 சதவீதம் கட்டுவது பணச் சுமை. பொய் ஆவணம் தயாரித்தார் என்ற குற்றச்சாட்டு வேறு வகை. அபராதம் வரும், உங்கள் மற்ற பில்கள் மீதும் சந்தேகம் விழும். மாமனார் முப்பது ஆண்டு காத்த பெயர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

18 சதவீதத்தை யார் சுமப்பது?

ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கு இப்போது 50 ரூபாய் வரி. ஏப்ரலில் 180. உங்கள் 6 லட்சம் ரூபாய் விற்பனையில் மாதம் 78,000 ரூபாய் கூடுதல் வரி. விலையை மாற்றாமல் வரியை மட்டும் ஏற்றினால் விருந்தினர் சுமப்பார். 1,050 ரூபாய் கொடுத்தவரிடம் அதே 1,050 தான் வாங்குவேன் என்று நின்றால், உங்கள் கைக்கு வருவது 1,000 ரூபாயிலிருந்து 890 ஆகக் குறையும்.

ஈடாக ஒன்று கிடைக்கிறது. 5 சதவீதத்தில் இருந்தபோது கிடைக்காத உள்ளீட்டு வரி வரவு, 18 சதவீதத்தில் கிடைக்கும். சமையலறைக்கு வாங்கும் வணிக சிலிண்டர், பாத்திரம், கிரைண்டர், உணவகத்துக்கு மட்டுமான பராமரிப்பு ஆகியவற்றில் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சைவ உணவகத்தின் பெரிய செலவுகள் எவை? காய்கறி, பால், சம்பளம். இவற்றில் கழிக்க வரியே இல்லை. எண்ணெய், நெய், மசாலாவில் இருப்பது 5 சதவீதம். ஆகவே வரவு வரும், ஆனால் 78,000-ஐ ஈடுகட்டும் அளவுக்கு வராது.

வாங்கும்போதே ரசீதுகளைப் பிரிக்கப் பழகுங்கள். 7,500 வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம் போடுகிறீர்கள் அல்லவா, அதற்கு உள்ளீட்டு வரவு கிடையாது. உணவகத்துக்கு உண்டு. கிரைண்டர் வரவாகும், படுக்கை விரிப்பு வரவாகாது. இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா போன்ற பொதுச் செலவுகளில் விற்பனை விகிதப்படி ஒரு பங்குதான் கிடைக்கும். ஏப்ரல் 1 முதலே 'சமையலறை', 'அறை', 'பொது' என்று மூன்று கோப்புகள் போட்டுவிடுங்கள். ஆண்டு முடிவில் ஆடிட்டர் உட்கார்ந்து பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் ஆலோசகர் சொன்ன உறுதிமொழிப் படிவம் பற்றி: ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் ஓர் ஓட்டல் தானாக முன்வந்து 'குறிப்பிட்ட வளாகம்' என்று அறிவித்துக்கொள்ளலாம். அது உங்களுக்கு வேண்டாம். வாடகை தாண்டியதால் நீங்கள் தானாகவே உள்ளே வந்துவிட்டீர்கள்; படிவம் எதுவும் தேவையில்லை. தாமாகக் கொடுத்த அறிவிப்பு, விலகல் படிவம் கொடுக்கும் வரை ஆண்டுதோறும் தொடரும். நீங்கள் ஓர் ஆண்டில் வெளியே வரப் பார்க்க வேண்டும்.

மார்ச் 31 இரவு

வரி விகிதம் மாறும்போது எந்த விகிதம் என்பதை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு மூன்று தேதிகளை வைத்துச் சொல்கிறது. சேவை நடந்த தேதி, பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி. மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிவிட்டால் பழைய வரி உறுதி என்று நீங்கள் நம்பியது அதனால்தான் சரியில்லை.

அறுபதாம் கல்யாணத்தை இதில் பொருத்திப் பார்ப்போம். விருந்து ஏப்ரலில், பில் ஏப்ரலில், முன்பணம் மட்டும் மார்ச்சுக்கு முன். இரண்டு தேதிகள் ஏப்ரலில் இருப்பதால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். 96,000-க்கு வரி 4,800 ஆக இருந்தது 17,280 ஆகிறது. 12,480 ரூபாய் வித்தியாசம். முன்பணத்துக்கு ஏற்கெனவே கட்டிய 5 சதவீதத்தைச் சரிக்கட்டி மீதியைக் கட்ட வேண்டும்.

மார்ச்சிலேயே முழு பில்லையும் போட்டு, முழுப் பணத்தையும் வாங்கி வங்கியில் சேர்த்துவிட்டால் இரண்டு தேதிகள் பழைய பக்கம் வருமே என்று கேட்கிறீர்கள். 14-ஆம் பிரிவை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டுக்கே பொதுவாக விகிதம் மாறும் நிகழ்வு இது இல்லை. உங்கள் வளாகத்தின் வகை மாறுகிறது. நிதியாண்டு முழுவதற்குமான வகை இது என்பதால், ஏப்ரலில் பரிமாறிய சாப்பாட்டுக்கு மார்ச் பில்லை ஓர் அதிகாரி ஏற்காமல் போகலாம். 12,480 ரூபாய்க்காக இரண்டு ஆண்டு கடிதப் போக்குவரத்து வேண்டாம். விருந்தினர் குறைந்து, சாப்பாடு கூடி பில்லைத் திருத்த வேண்டி வந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

அந்தக் குடும்பத்தை இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள். நீங்கள் 5 சதவீதம் என்று எழுத்தில் கொடுத்திருப்பதால் முழுச் சுமையையும் அவர்கள் மீது ஏற்றுவது நியாயமாகாது என்பது என் கருத்து. பாதியை நீங்கள் ஏற்கலாம், அல்லது ஒரு வேளைப் பட்டியலைச் சுருக்கித் தொகையைக் குறைக்கலாம். விசேஷம் முடிந்து புறப்படும் நேரத்தில் பில்லைப் பார்த்து அவர்கள் திகைத்து நிற்கும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் மார்ச் 31 இரவு உங்கள் ஓட்டலில் தங்கியிருப்பவர்களுடையது. 108-ஆம் அறைக்காரர் அன்று இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, 'ரூமில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஏப்ரல் 2 அன்று அறையைக் காலி செய்யும்போது மொத்த பில், மொத்தப் பணம். சாப்பிட்டது மார்ச்சில், பில்லும் பணமும் ஏப்ரலில். மூன்றில் இரண்டு புதிய பக்கம் என்பதால் அந்த இட்லிக்கும் 18 சதவீதம். அன்று இரவே உணவக பில்லை வரிசை எண்ணோடு போட்டுவிட்டால், பணம் பிறகு வந்தாலும் 5 சதவீதம் போதும்.

ஆகவே மென்பொருள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அறைக்கணக்கில் சேர்க்கும்போதே உணவகம் தனி வரி பில் எண் உருவாக்குகிறதா, அல்லது புறப்படும்போது வரும் ஒரே பில்தான் வரி பில்லா? சமையலறைக்குப் போகும் கே.ஓ.டி. சீட்டு பில் ஆகாது. இரண்டாவது வகை என்றால், மார்ச் 31 இரவு 11 மணிக்கு ஒருவரை உட்கார வைத்து, திறந்திருக்கும் எல்லாச் சாப்பாட்டுக் கணக்குக்கும் பில் போட்டு மூடுங்கள்.

மென்பொருளில் மாற்ற வேண்டியவை

5-ஐ அழித்து 18 என்று எழுதக் கூடாது. ஆகஸ்ட் பில் குழப்பம் வந்ததே அதனால்தான். உங்கள் மென்பொருள் பில்லில் வரித் தொகையைச் சேமிக்கவில்லை. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் பட்டியலில் இன்றைக்கு இருக்கும் விகிதத்தை எடுத்துப் புதிதாகப் பெருக்குகிறது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி பில்லுக்கு அக்டோபர் விகிதம் விழுந்தது இப்படித்தான். பழைய வரிசை அப்படியே இருக்க வேண்டும்: '5 சதவீதம், 2026 மார்ச் 31 வரை'. அதற்குக் கீழே புதிய வரிசை: '18 சதவீதம், 2026 ஏப்ரல் 1 முதல்'. பில் தேதியைப் பார்த்து மென்பொருளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் இந்த வசதி இல்லை என்று சொன்னால், 'உணவு 18' என்ற புதிய வரிக் குறியீட்டை உருவாக்கி, உணவுப் பட்டியலை முழுவதும் அதற்கு மாற்றுங்கள். பழைய குறியீட்டைத் தொடாதீர்கள். அதற்கு முன் இந்த நிதியாண்டு பில்கள் அனைத்தையும் பி.டி.எஃப். கோப்பாக வேறு இடத்தில் சேமியுங்கள். நகல் கேட்பவருக்கு அந்தக் கோப்பிலிருந்து கொடுக்கலாம்.

அந்தக் கோவை நிறுவனத்துக்கும் சரியான நகலை அனுப்பிவிட்டீர்களா? அவர்கள் கணக்கில் ஒரு தொகையும் உங்கள் ரிட்டர்னில் வேறு தொகையும் இருந்தால் கேள்வி இருவருக்கும் வரும்.

அடுத்தது கடிகாரம். ரிசப்ஷனில் இரவு இரண்டு மணிக்கு 'நைட் ஆடிட்' போட்டு அன்றைய கணக்கை மூடும் வரை மென்பொருள் திரையில் மார்ச் 31 என்றே நிற்கும். நள்ளிரவு தாண்டி 12.40-க்கு ஒருவர் காபி கேட்டால் அந்த பில் மார்ச் 31 தேதியிட்டு 5 சதவீதத்தில் விழும். உண்மையில் அது ஏப்ரல் 1. அன்று ஒரு நாள் மட்டும் நைட் ஆடிட்டை நள்ளிரவுக்கே முடித்துவிடச் சொல்லுங்கள். புதிய நிதியாண்டுக்கான பில் வரிசை எண்ணும் அதே இரவில்தான் தொடங்குகிறது என்பதால், இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

அறைக்கு இரண்டு படிகள் திரும்ப வர வேண்டும்: 7,500 வரை 5, அதற்கு மேல் 18. இதை வரி நீங்கிய, தள்ளுபடி போன, ஓர் அறைக்கு ஒரு நாளைக்கான தொகையை வைத்து மென்பொருள் முடிவெடுக்க வேண்டும். அறை, உணவு இரண்டும் 9963 என்ற ஒரே சேவைத் தலைப்பில் வருவதால், தலைப்பின் முதல் நான்கு எண்களை வைத்து வரி போடும் மென்பொருள்கள் உணவை 18 ஆக்கும்போது அறையையும் இழுத்துக்கொண்டு போகும். ஆறு இலக்கம் வரை பிரித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கூடுதலாக வாங்கிய வரியை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. தவறுதலாக வரி என்று வாங்கியதையும் அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே விலக்கிவிடுகிறேன். 'மென்பொருள் போட்ட வரி' என்பது துறையிடம் பதிலாகாது. பில்லில் இருப்பது உங்கள் ஜிஎஸ்டி எண். மாற்ற வேண்டியதை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில், தேதியோடு எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது நாளை யாருக்கும் நினைவிருக்காது.

சாப்பாட்டை வாடகையில் சேர்க்கலாமா?

காலை உணவைச் சேர்த்து ஒரே விலையாக அறை கொடுப்பது ஓட்டல் தொழிலில் இயல்பு. அதை ஒரே சேவையாகக் கருதி, முதன்மையான அறையின் வரியையே முழுவதற்கும் போடலாம். இப்போதும் அப்படிக் கொடுக்கிறீர்கள் என்றால் தொடருங்கள். ஆனால் மூன்று வேளையையும், விருந்தையும், வெளியாட்கள் சாப்பிட்டதையும் வாடகைக்குள் திணித்தால் அது இயல்பான சேர்க்கை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னோர் ஆபத்தும் உண்டு. 6,200 ரூபாய் காட்டேஜோடு 1,600 ரூபாய் சாப்பாட்டைச் சேர்த்தால் 7,800 ஆகிறது. அந்த முழுத் தொகையையும் அறையின் மதிப்பு என்று பார்த்தால் அறைக்கும் 18 சதவீதம். அடுத்த ஆண்டும் நீங்கள் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்விகி, சொமேட்டோ வழியாகவும் விற்பதாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். சாதாரண உணவகம் என்றால் அந்த விற்பனைக்கான 5 சதவீதத்தை அந்தச் செயலிகளே அரசுக்குக் கட்டும். குறிப்பிட்ட வளாகத்தில் உள்ள உணவகத்துக்கு அது பொருந்தாது. 18 சதவீதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். மார்ச்சுக்குள் அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து உங்கள் வகையை மாற்றச் சொல்லுங்கள். ரிசப்ஷன் அருகே காபிக் கடை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களே, அவருக்கும் சொல்லிவிடுங்கள். வளாகத்துக்குள் பரிமாறுவதால், கடை வேறொருவருடையது என்றாலும் அவருக்கும் 18 தான். உங்கள் ஓர் இரவு வாடகையால் அவருடைய காபிக்கு வரி ஏறப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த ஏப்ரலுக்கு

2026 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஓர் அறைகூட 7,500-ஐத் தாண்டாவிட்டால், 2027 ஏப்ரலில் உணவகம் 5 சதவீதத்துக்குத் திரும்பும். மே மாத சீசனிலும் ஆண்டு இறுதியிலும் மூன்று காட்டேஜ்களைக் கூடுதல் விலைக்கு விட்டு எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் 31 அன்று எல்லைக்கு மேல் நீங்கள் வாங்கியது 400 ரூபாய். உங்கள் அளவிலுள்ள ஓட்டலுக்கு 7,500-இல் நிறுத்திக்கொள்வதே லாபம் என்பது என் முடிவான எண்ணம். ஊட்டியிலோ உங்கள் ஊரிலோ 10,000 ரூபாய்க்கு அறை விடுகிறவர்களின் கணக்கு வேறு.

நிறுத்துவது என்றால் மேனேஜரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி விடாதீர்கள். மென்பொருளிலும், முன்பதிவுத் தளங்களுக்கு விலை அனுப்பும் இணைப்பிலும், வரி நீங்கலாக 7,500 என்று உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். கூடுதல் ஆளுக்கு வாங்கும் தொகையும் அந்த வரம்புக்குள் அடங்கும்படி வையுங்கள். கூட்டம் கூடக்கூடத் தானாக விலையேற்றும் வசதி சில தளங்களில் இருக்கிறது. காட்டேஜ்களுக்கு அதை அணைத்துவிடுங்கள். உங்கள் டிசம்பர் 31 விலையை யார் போட்டார்கள் என்று மேனேஜருக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வசதியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஐந்து பில்கள் போட்டுப் பாருங்கள்: ஏப்ரல் 1 தேதியிட்ட ஒரு மசால் தோசை, 7,500 ரூபாய் அறை, 7,501 ரூபாய் அறை, காலை உணவு சேர்ந்த அறை, 40,000 ரூபாய் முன்பணம் கழித்த விருந்து. பிறகு ஆகஸ்ட் மாத பில் ஒன்றைத் திரும்ப அச்சிடுங்கள். அதில் 12 சதவீதம் வந்தால் ஏப்ரலுக்குத் தயாராகிவிட்டீர்கள். 5 வந்தால் மறுநாளே எனக்கு எழுதுங்கள். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.